டெங்குக் காய்ச்சலுக்கு மெடிக்ளைம்: பாலிசி எடுப்பதிலிருந்து பணம் வரும் வரை

ஒரு தனியார் மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் கவுண்டரில் உட்காருவது என் வேலை. ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் முன்னால் நிற்கிற வரிசை முக்கால்வாசி காய்ச்சல் கேஸ்தான். அவர்களில் பணம் கிடைக்காமல் போகிறவர்கள் பெரும்பாலும் பாலிசி இல்லாதவர்கள் அல்ல. பாலிசி இருக்கும், ஆனால் செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்திருப்பார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். டெங்குவை வைத்துச் சொன்னாலும் மலேரியா, சிக்குன்குனியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான், அதாவது மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாள் வரை, ஆபத்தான காலம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதியில் கண் திறக்காமல் கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாலிசி பேப்பரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

1. கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எல்லாரும் கேட்கிற கேள்வி, "டெங்கு கவர் ஆகுமா?" சாதாரண மெடிக்ளைம் பாலிசியில் எந்தெந்த நோய் சேரும் என்று பட்டியல் இருக்காது, எது சேராது என்றுதான் இருக்கும். தொற்றுநோய்களும் கொசு நோய்களும் அந்தச் சேராத பட்டியலில் கிடையாது. ஆகவே கவர் ஆகும். கேட்க வேண்டியது, "எப்போதிலிருந்து, எவ்வளவு கழித்துக்கொண்டு தருவீர்கள்?" என்பது.

அதற்குப் பதில் பாலிசியோடு வரும் கஸ்டமர் இன்ஃபர்மேஷன் ஷீட்டில் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து இதைப் புது வடிவத்தில் எளிய மொழியில் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் விதி. அதில் ஐந்து விஷயத்தை மட்டும் பேனாவால் வட்டமிடுங்கள்: காத்திருப்புக் காலம், அறை வாடகை வரம்பு, நீங்கள் போட வேண்டிய கோ-பே பங்கு, அட்மிஷனுக்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் செலவு சேரும், எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்றால் குரூப் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். பல குரூப் பாலிசிகளில் முதல் நாளிலிருந்தே நோய்க்குக் கவர் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. நீங்கள் போகும் மருத்துவமனையும் உங்கள் சிகிச்சையும் அதில் உண்டா என்று 1800 425 3993-ல் கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், மெடிக்ளைம் என்பது 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான். டெங்கு வந்த பலருக்கு அட்மிஷனே தேவைப்படாது. ஓபி-யில் பார்த்து, மாத்திரை வாங்கி, தினம் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவருக்குச் சாதாரண பாலிசி எதுவும் தராது. ஓபி கவர் தனியாக எடுத்திருந்தால் மட்டும் உண்டு.

2. மழைக்கு முன்னால் எடுங்கள்

புது பாலிசி தொடங்கி முதல் 30 நாளில் வருகிற நோய்க்குப் பணம் கிடையாது. விபத்துக்கு மட்டும் உண்டு. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பக்கத்துத் தெருவில் டெங்கு என்று கேள்விப்பட்டு ஐப்பசியில் ஓடிப்போய் பாலிசி எடுத்தால், கார்த்திகை பிறக்கும்வரை அது வெறும் காகிதம். ஆவணியிலேயே எடுத்துவிடுங்கள்.

புதுப்பிக்கும்போது இந்த 30 நாள் மறுபடி வராது. ஆனால் கெடு தேதியை விட்டுவிட்டு, சலுகை நாள்களுக்குள் கட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வருடப் பிரீமியம் கட்டுகிறவருக்குப் பாலிசியின் தொடர்ச்சி காப்பாற்றப்படும். ஆனால் முடிந்த தேதிக்கும் பணம் கட்டிய தேதிக்கும் நடுவில் வந்த நோய்க்கு ஒரு ரூபாய்கூட வராது. நான்கு நாள் இடைவெளியில் காய்ச்சல் வந்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. பழைய கொட்டேஷனைக் காட்டி யாராவது வரியும் சேர்த்துக் கேட்டால் விடாதீர்கள்.

3. கொசு நோய்க்கென்று தனிப் பாலிசி வேண்டுமா?

'மஷக் ரக்ஷக்' என்ற பெயரில், எல்லாக் கம்பெனியிலும் ஒரே விதிமுறையோடு, 2021-ல் ஐஆர்டிஏஐ கொண்டுவந்த பாலிசி ஒன்று உண்டு. டெங்கு, மலேரியா, சிக்குன்குனியா, யானைக்கால், காலா-அசார், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஸிகா என ஏழு நோய்களுக்கு அது. காலா-அசார் மணல் ஈயால் பரவுவது, ஆனாலும் பட்டியலில் இருக்கிறது. காப்பீட்டுத் தொகை 10,000-லிருந்து 2 லட்சம் வரை. காத்திருப்பு 15 நாள்தான்.

இது பில்லைப் பார்த்துத் தருகிற பாலிசி அல்ல. பரிசோதனையில் நோய் உறுதியாகி, தொடர்ந்து 72 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால் மொத்தத் தொகையும் வரும். பில் 20,000 ஆனாலும் பாலிசி 1 லட்சம் என்றால் 1 லட்சம். அட்மிஷன் ஆகாமல் நோய் மட்டும் உறுதியானால் தொகையில் 2 சதவீதம். மெடிக்ளைம் பணம் வாங்கியிருந்தாலும் இது தனியாக வரும். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்துக்கொண்டவரும் கேட்கலாம்.

வேண்டுமா என்றால், மெடிக்ளைம் இல்லாமல் இது மட்டும் இருப்பது வீண். காய்ச்சல் டைபாய்டாக இருந்துவிட்டால் கையில் ஒன்றும் நிற்காது. மெடிக்ளைம் இருப்பவருக்கு, அதுவும் ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது என்ற நிலையில் இருக்கும் ஆட்டோக்காரருக்கும் கடைக்காரருக்கும், இது உண்மையிலேயே உதவும்.

இதில் பலர் இடறுவது அந்த 72 மணி நேரத்தில். திங்கள் மாலை சேர்ந்து வியாழன் காலை வீட்டுக்குப் போனால் நான்கு தேதி கணக்கில் வரும், ஆனால் மணிக்கணக்கில் 72 வராது. அதற்காகத் தேவையில்லாமல் படுத்திருக்கச் சொல்லவில்லை. மருத்துவர் இன்னும் ஒரு வேளை பார்க்கலாம் என்று சொல்லும்போது, நாமாக டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம் என்கிறேன்.

4. விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள்

டெங்குவுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். அட்மிஷன் ஆனதும் டியூட்டி டாக்டர் எழுதுகிற முதல் வரியே "பத்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர்" என்பதுதான். அதைக் காப்பீட்டுக் கம்பெனியும் படிக்கும். விண்ணப்பத்தில் இல்லை என்று டிக் அடித்திருந்தால் கேள்வி டெங்குவை விட்டுப் பாலிசியின் மேலேயே பாயும். ஏஜென்ட் "அதெல்லாம் போட வேண்டாம் சார்" என்பார். கையெழுத்து உங்களுடையது.

5. காய்ச்சல் வந்த முதல் நாளே ஒரு பழுப்புக் கவர் வையுங்கள்

க்ளைம் அட்மிஷனில் தொடங்குவதாக எல்லாரும் நினைக்கிறார்கள். காய்ச்சல் வந்த அன்றே அது தொடங்கிவிடுகிறது. பல பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவும் சேரும், அதே நோய்க்கானதாக இருந்தால். தெருமுனை கிளினிக் சீட்டு, லேப் பில், ரிப்போர்ட், மெடிக்கல் ஷாப் பில் எல்லாவற்றையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு வையுங்கள். பணத்தைவிட முக்கியம், காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்கு அந்தக் கவர்தான் சாட்சி.

மருந்துக்கடையில் வெள்ளைத் துண்டுக் காகிதத்தில் கூட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். நோயாளி பெயர், தேதி, பில் நம்பரோடு அச்சடித்த பில் கேளுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாத மருந்து பில்லும் நிற்காது.

பரிசோதனையிலும் நாள் கணக்கு உண்டு. காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்கு என்எஸ்1, அதற்குப் பிறகு ஐஜிஎம். நாள் மாற்றி எடுத்தால் டெங்கு இருந்தும் நெகட்டிவ் வரலாம். கார்டில் பார்க்கும் ரேப்பிட் டெஸ்டைவிட எலிசா முறைக்கு மதிப்பு அதிகம். தேசிய வழிகாட்டுதல்கள் உறுதிப்படுத்த எலிசாவைத்தான் சொல்கின்றன. ரேப்பிட் மட்டும் எடுத்திருந்தால் எலிசாவும் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். டெஸ்ட் நெகட்டிவ், ஆனால் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) இறங்கி அட்மிஷன் தேவைப்பட்டது என்றால் மெடிக்ளைம் வரும்; மஷக் ரக்ஷக் வராது. டைபாய்டுக்கு வைடால் டெஸ்டை மட்டும் நம்பாமல், ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன் பிளட் கல்ச்சர் கொடுப்பது சிகிச்சைக்கும் நல்லது, க்ளைமுக்கும் நல்லது.

லேப்பில் பெயரை ஆதாரில் இருக்கிற மாதிரியே சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரில் ரிப்போர்ட் வாங்கிவிட்டு, 'இந்த ராஜியும் அந்த ராஜேஸ்வரியும் ஒருவரே' என்று கடிதம் எழுதி அலைந்தவர்கள் நிறைய.

6. அட்மிஷன்: அந்த முதல் பக்கத்தில்தான் எல்லாம்

கம்பெனிகள் காய்ச்சல் க்ளைமை மறுப்பதற்கு அதிகம் சொல்கிற காரணம், "வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம், வெறும் பரிசோதனைக்காகச் சேர்த்திருக்கிறார்கள்" என்பது. எல்லாப் பாலிசியிலும் நான்காம் எண் விலக்கு என்று ஒன்று இருக்கிறது, பரிசோதனைக்காக மட்டுமே நடந்த அட்மிஷனுக்குப் பணமில்லை என்று. அதைத்தான் நீட்டுவார்கள். எனவே ஏன் சேர்க்க வேண்டியிருந்தது என்பது கேஸ் ஷீட்டில் முதல் நாளே இருக்க வேண்டும்: எத்தனை முறை வாந்தி, பிரஷர் எவ்வளவு, தட்டணு எண்ணிக்கை, சாப்பிட முடிகிறதா, என்ன டிரிப்ஸ். மருத்துவர் பொய் எழுத வேண்டியதில்லை. இருப்பதை விடாமல் எழுதினால் போதும்.

நீங்களாக, "இன்ஷூரன்ஸ் இருக்கு டாக்டர், எதுக்கும் சேர்த்துக்குங்க" என்று சொல்லாதீர்கள். 'நோயாளியின் விருப்பத்தின் பேரில்' என்று ஷீட்டில் ஒரு வரி விழுந்தால் அந்த க்ளைமை மீட்பது ரொம்பக் கஷ்டம்.

இன்னொன்று, பேச்சுவாக்கில் சொல்வது. பாலிசி எடுத்து 38-வது நாள் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் தொடங்கி நான்கு நாள். ராத்திரி டியூட்டி டாக்டர் கேட்டபோது அவன் அம்மா பதற்றத்தில், "ஒரு மாசமாவே விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்குதுங்க" என்றார். போன மாதம் வந்த சளிக்காய்ச்சலையும் சேர்த்துச் சொன்னார் பாவம். அது அப்படியே 'ஒரு மாதமாகக் காய்ச்சல்' என்று ஷீட்டில் ஏறியது. கம்பெனி கணக்குப் போட்டது: நோய் காத்திருப்புக் காலத்திலேயே தொடங்கிவிட்டது, பணம் இல்லை. கிளினிக் சீட்டையும் பழைய லேப் ரிப்போர்ட்டையும் காட்டி, மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்கிச் சரிசெய்ய ஏழு வாரம் ஆனது. அந்த அம்மா கையில் பழுப்புக் கவர் இருந்ததால் அதுவாவது நடந்தது. ஆகவே டாக்டர் கேட்டால் தேதி சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொடங்கியது."

மருத்துவமனை விஷயத்திலும் கவனம் வேண்டும். ஆறு படுக்கை கிளினிக்கில் சேர்ந்தால் சிக்கல் வரலாம். பதிவு பெற்ற மருத்துவமனையாக இருக்க வேண்டும். அல்லது 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர் என்றால் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை, இரவும் பகலும் நர்ஸ், டாக்டர் என்று பாலிசியிலேயே வரையறை உண்டு. கம்பெனி விலக்கி வைத்த மருத்துவமனைகளின் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கும், மழைக்காலத்துக்கு முன்பே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சேர்ந்ததும் கவுண்டரில் பாலிசி நம்பர், ஆதார், மருத்துவரின் அட்மிஷன் சீட்டு கொடுத்தால் நாங்கள் முன் அனுமதிக்கு அனுப்புவோம். ஐஆர்டிஏஐ-யின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு, அதாவது மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டச் சொல்லிக் கேட்பதற்கு, கம்பெனி ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். கேஷ்லெஸ் கிடைக்கவில்லை என்றாலும் தகவல் கொடுக்காமல் விடக் கூடாது. அவசர அட்மிஷனுக்குப் பல பாலிசிகளில் 24 மணி நேரம்தான் கெடு. மெயிலில் அனுப்புங்கள், போனில் சொன்னால் தகவல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "பணம் கட்டித்தானே பார்க்கிறோம், அப்புறம் சொல்லிக்கலாம்" என்பதுதான் நான் தினமும் கேட்கிற தவறு.

7. அறையைத் தேர்ந்தெடுப்பதில் போகிற பணம்

டெங்கு பில்லில் ஜனங்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இது. 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியை எடுத்துக்கொள்வோம். அறை வாடகை வரம்பு நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000. கோ-பே 5 சதவீதம். பாலிசி 2 லட்சம் என்றால் வரம்பு 4,000.

டிவி, தனி பாத்ரூம் என்று ஒருவர் 6,000 ரூபாய் அறையை எடுக்கிறார். நான்கு நாள். அறை 24,000, டாக்டர் ஃபீஸ் வகையறா 9,000, மருந்து 14,000, லேப் 11,000. மொத்தம் 58,000. அறைக்கு 16,000 தருவார்கள், சரி. அதோடு நிற்காது. 6,000-க்கு 4,000 என்ற அதே விகிதத்தில் டாக்டர் ஃபீஸும் குறைந்து 6,000 ஆகும். மருந்துக்கும் லேப்புக்கும் இந்த வெட்டு கிடையாது, ஐஆர்டிஏஐ தடுத்திருக்கிறது. ஆக 47,000. கையுறை, டயப்பர் மாதிரிச் சேராத சாமான்கள் 2,000 போக 45,000. கோ-பே 2,250 போக 42,750. அவர் கையிலிருந்து 15,250.

இதே ஆள் 4,000 ரூபாய் அறையில் இருந்திருந்தால் டாக்டர் ஃபீஸும் அந்த அறைக்கு ஏற்ப 6,000-ஆக இருந்திருக்கும் என்று வையுங்கள். பில் 47,000, கம்பெனி தருவது அதே 42,750, கையிலிருந்து 4,250. நாளுக்கு 2,000 தானே அதிகம் என்று எடுத்த அறைக்கு நான்கு நாளில் 11,000 போய்விட்டது.

"எங்கள் வரம்புக்குள் இருக்கிற அறை காலியானதும் மாற்றிக்கொடுங்கள்" என்று எழுதிக்கொடுங்கள். ஐசியு-வுக்கு இந்த விகித வெட்டு இல்லை, ஆனால் அதற்கும் தனி வரம்பு இருக்கும்.

8. வார்டில் இருக்கும்போது

தினமும் எடுக்கிற தட்டணு எண்ணிக்கையைத் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். ரிப்போர்ட்டின் நகல் கேட்டு வாங்குங்கள். பல பேர் "பிளேட்லெட் ஏத்துங்க" என்று மருத்துவரிடம் சண்டை போடுகிறார்கள். ரத்தக் கசிவு இல்லாமல் எண்ணிக்கை 10,000-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஏற்றத் தேவையில்லை. முடிவை அவரிடம் விடுங்கள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து கேள்வி கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நோயாளி படுக்கையில் இருக்க வேண்டும். கேன்டீனில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் எழுதிக்கொண்டு போவார்கள்.

9. டிஸ்சார்ஜ் நாள்

டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்து ஆவதற்குள் படியுங்கள். பெயர், வயது, சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம், நோயின் பெயர், எந்தப் பரிசோதனையில் உறுதியானது, என்ன சிகிச்சை. 'காய்ச்சல்' என்று மட்டும் போட்டிருந்தால் 'டெங்குக் காய்ச்சல், என்எஸ்1 பாசிட்டிவ்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள், ரிப்போர்ட் அப்படி இருக்கும்போது. அன்று திருத்துவது ஐந்து நிமிட வேலை. வீட்டுக்குப் போனபின் திருத்த, அந்த டாக்டரைத் தேடி மூன்று நடை நடக்க வேண்டும்.

இறுதி பில்லுக்குக் கம்பெனி மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி தர வேண்டும். அதற்குமேல் தாமதித்தால், அதனால் கூடுகிற மருத்துவமனைக் கட்டணம் கம்பெனியுடையது. இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

10. பணம் கட்டிவிட்டு அப்புறம் கேட்பவர்களுக்கு

க்ளைம் படிவத்தில் ஏ பகுதி உங்களுடையது, பி பகுதி மருத்துவமனை நிரப்புவது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே பி பகுதியை நிரப்பி முத்திரை வாங்கிவிடுங்கள். அதோடு அசல் டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான பில், பணம் கட்டிய ரசீது, மருந்துச் சீட்டுகள், ரிப்போர்ட்டுகள், ரத்து செய்த காசோலை, ஆதார், பான். பெரும்பாலும் டிஸ்சார்ஜிலிருந்து 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

அனுப்புமுன் எல்லாவற்றையும் இரண்டு செட் நகல் எடுங்கள். ஒரு செட்டில் மருத்துவமனை முத்திரை வாங்குங்கள். அசல் மெடிக்ளைமுக்குப் போய்விடும், மஷக் ரக்ஷக்குக்கு முத்திரை போட்ட நகலைத்தான் கொடுக்க முடியும். இந்த வரிசையை மாற்றி அசலை அங்கே கொடுத்துவிட்டு, பெரிய தொகை வர வேண்டிய இடத்தில் கையைப் பிசைந்தவர்கள் உண்டு.

வீட்டுக்கு வந்தபின் எடுக்கிற ரத்தப் பரிசோதனை, மறுபடி டாக்டரைப் பார்ப்பது எல்லாம் பின்செலவில் சேரும். கேஷ்லெஸ்ஸில் போனவர்களும் இதைக் கேட்கலாம், பாதிப் பேருக்குத் தெரிவதே இல்லை.

11. இல்லை என்று சொல்லிவிட்டால்

கேஷ்லெஸ் மறுப்பு என்பது க்ளைம் மறுப்பு அல்ல. பணம் கட்டிவிட்டு மேலே சொன்னபடி விண்ணப்பியுங்கள்.

க்ளைமே மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் வர வேண்டும், எந்த விதியின்படி என்றும் இருக்க வேண்டும். போனில் சொன்னதை ஏற்காதீர்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு சிகிச்சை பார்த்த மருத்துவரிடம் போய், அட்மிஷன் ஏன் அவசியம் என்று விளக்கக் கடிதம் வாங்குங்கள். வார்டில் எழுதிய கேஸ் ஷீட், நர்ஸ் சார்ட்டின் நகலும் கேளுங்கள். 'வீட்டிலேயே பார்த்திருக்கலாம்' என்ற வாதத்துக்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுதிய அந்தச் சார்ட்டைப்போல் பதில் வேறில்லை.

இவற்றோடு முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. இணையத்திலும் பதியலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையுள்ள வழக்குகளை எடுப்பார்கள். குறைதீர் அதிகாரியிடம் போகாமல் நேராக இங்கே வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பெனியின் கடைசிப் பதில் வந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். அந்தத் தேதியைப் பழுப்புக் கவரின் மேலேயே எழுதி வையுங்கள்.